பக்கத்து வீட்டுப் பேய்

"இந்த வீட்டுக்கா இப்படி வெயில்ல காயறீங்க? நல்ல கூத்துதான்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவளுக்கு அறுபது வயதிருக்கும். பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய வாய்.

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு காலியாவதே அபூர்வம். காலியானால் சனிக்கிழமை காலையில் கொஞ்ச நேரம் திறந்து காட்டுவார்கள். ஊரே வந்து நிற்கும்.

லிட்டியா விடிவதற்கு முன்பே வந்துவிட்டாள். எதிர்ப்புறம் காரை நிறுத்தி, உள்ளேயே மகள் செராவுக்கு முகம் துடைத்துத் தலைவாரி விட்டாள். குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்றதிலிருந்து இரண்டு வாரமாக அந்தக் கார்தான் வீடு. முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கும் அது தெரியாது. இதுவும் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஃபிஜிக்கே திரும்ப வேண்டியதுதான்.

தொப்பிக்காரி ஓர் இளம் ஜோடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கூரை மேல கூலர் இருக்கே, அதுல காத்து வராது தம்பி. செம்மண்ணுதான் வரும்."

"அப்போ நம்ம வீடே தேவலாம், வா," என்று இருவரும் கிளம்பினார்கள்.

"இதை எடுத்து டூரிஸ்ட்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம்னு பார்க்கறேன்," என்றார் டை கட்டிய ஒருவர்.

"தாராளமா விடுங்க சார்! பக்கத்து வீட்டுல ஒருத்தி இருக்கா, சரியான பேய். ராத்திரி பூரா கத்துவா. ஒரு மாசம் யாரும் தாக்குப்பிடிச்சதில்ல."

டையும் நழுவியது. அப்புறம் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

'எல்லாரையும் விரட்டிட்டு வீட்டைத் தானே அமுக்கப் பார்க்கறா, கைகாரி!' லிட்டியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளிடம் மட்டும் தொப்பிக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டிக்குக்கூட லாயக்கில்லை என்று நினைத்தாளோ என்னவோ.

ஏஜென்ட் கதவைத் திறந்தபோது தொப்பிக்காரியையும் காணோம்.

"நீங்க ஒருத்தர்தானா?" என்று அவன் விழித்தான்.

அடுத்த வாரமே சாவி கைக்கு வந்தது. கூலரைப் போட்டால் செம்மண் வரவில்லை, ஜிலுஜிலுவென்று காற்றுதான் வந்தது. செரா தன் அறையில் கை காலைப் பரப்பிக்கொண்டு தூங்குவதைப் பார்த்து லிட்டியா கண்ணீரோடு கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

ஆனால் பக்கத்து வீட்டுப் பேய்?

சமாதானமாகப் போய்விடுவோம் என்று, மரவள்ளிக்கிழங்கு கேக் செய்து எடுத்துக்கொண்டு போய்ப் பயந்து பயந்து கதவைத் தட்டினாள்.

திறந்தது தொப்பிக்காரி. தொப்பி மட்டும் இல்லை.

"வா கண்ணு! நான் க்ளெனிஸ். நான்தான் அந்தப் பேய்."

லிட்டியா கேக்கை நீட்டினாள். "உங்களைப் பத்தி நீங்களே ஏன் அப்படி..."

க்ளெனிஸ் கேக்கை வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலைல ஜன்னல் வழியா பார்த்தேன். வந்தவங்க அத்தனை பேருக்கும் திரும்பிப் போக ஒரு வீடு இருந்துச்சு. உன் கார்லதான் ரெண்டு தலகாணி இருந்துச்சு."