புதுக் குடித்தனம்

“என் மூஞ்சி அதுல இல்லையே அக்கா?”

மாடி வீட்டுக்காரி வாசலிலேயே நின்று, படம் வரைந்திருந்த உள்ளறைச் சுவரை எட்டிப் பார்த்தாள். சுவரின் ஒரு மூலையைப் பழைய போர்வை மறைத்திருந்தது.

“உன்னை வரைய இந்தச் சுவர் பத்தாது, போ” என்றாள் தையல்காரி, மிஷினிலிருந்து தலை தூக்காமல்.

“சிரிக்காதீங்க. கீழ் வீட்டு பேங்க்காரரை வரைஞ்சார், மூணு வாரத்துல போயிட்டார். முடி வெட்டுறவரை வரைஞ்சார், அவரும் போயாச்சு. உங்க வீட்டுக்காரர் கையைப் பார்த்தாலே பயமா இருக்கு.” மாடியேறப் போனவள் திரும்பினாள். “போன வாரம் படியில உங்க பொண்ணைப் பார்த்து நீங்கன்னு நினைச்சு, என் துணி தைச்சாச்சான்னு கேட்டுட்டேன். திட்டியிருப்பா.”

“பாப்பா எங்க திட்டினா? அன்னைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போறேன்னு போனவ, சாயங்காலம்தான் வந்தா. வந்ததும் படுத்துட்டா.”

மாடி வீட்டுக்காரிக்குத் தெரியாத ஒன்று தையல்காரிக்குத் தெரியும். அவள் கணவரின் கையில் சாபம் எதுவும் இல்லை. முப்பது வருடமாக ஸ்கேன் சென்டரில் வேலை. யார் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று டாக்டருக்கு முன்பே பார்த்துவிடுகிறவர் அவர்தான். வெளியே மூச்சு விடக் கூடாது. அதனால் வீட்டுக்கு வந்து வரைவார்.

அவருக்கு ஏழு வயதில் அம்மா இறந்தபோது, “அம்மா ஊருக்குப் போயிருக்கா” என்று சொல்லி வைத்தார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவரே ஓர் ஊரைக் கட்டத் தொடங்கினார்.

யாரிடமும் போய்க் கற்றதில்லை. மிச்சமான சுவர் பெயின்ட், காது குடையும் பஞ்சுக் குச்சி, அவ்வளவுதான். அந்த ஊர் நோட்டிலிருந்து அட்டைப் பெட்டிகளுக்கும், கழித்துப் போட்ட எக்ஸ்ரே ஃபிலிம்களுக்கும், கடைசியில் சுவருக்கும் வந்து சேர்ந்தது. அங்கே மரங்களுக்கு ஜன்னல் உண்டு. கூரைகளின் மேல் மீன்கள் உறங்கும். போகப் போகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வீடு. கேட்டால், “அம்மா அங்க தனியா இருக்காங்க இல்ல?” என்பார்.

ஆனால் எதையும் இதுவரை அவர் போர்வை போட்டு மூடியதில்லை.

போன மாதம் தையல்காரிக்கு வயிற்று வலி. அவர்தான் ஸ்கேன் எடுத்தார். “ஒண்ணுமில்ல, வாயு” என்றார். ஐந்து நாளாக அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போகிறார்.

மிஷினை நிறுத்தினாள். போய்ப் போர்வையை இழுத்தாள்.

அவருடைய அம்மாவின் வீட்டுக்கு அடுத்தாற்போல் புதிதாக ஒரு வீடு. ஜன்னலில் அவள் முகம். நரையில்லை, சுருக்கமில்லை. கல்யாணத்தன்று பார்த்தபடியே வரைந்திருக்கிறார் மனுஷன்.

தரையில் உட்கார்ந்தாள். வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, இவ்வளவு அழகாகவா இருந்தோம் என்று தோன்றியது.

கதவு திறந்தது. கீழே கிடந்த போர்வையைப் பார்த்ததும் அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

“பார்த்துட்டேங்க” என்றாள். “வாயுன்னு பொய் சொன்னீங்க. பரவாயில்ல. அத்தைக்குப் பக்கத்துலதானே இடம் போட்டிருக்கீங்க?”

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பாப்பாகிட்ட மட்டும் இப்போ சொல்லிடாதீங்க. அவ தாங்க மாட்டா.”

அவர் வந்து அவள் அருகே தரையில் உட்கார்ந்தார். தெருவில் ஒரு வண்டி வந்து நின்று, மறுபடி கிளம்பிப் போனது. அவர் ஜன்னலில் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நீ இல்லடி.”