இன்னொரு தபா

எங்கள் பாட்டுகள் எழுபதுகளின் ராக் ஆல்பம் போலவே ஒலிக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு பைத்தியம். திருமுல்லைவாயிலில் ஒரே அறையில் நாலு பேரும் சேர்ந்து வாசித்து, பழைய டேப்பில் பதிவு செய்தோம். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் "இன்னொரு தபா, மச்சான்" என்று குரல் வரும். யார் சொன்னது என்று பார்க்காமல் திரும்ப வாசிப்போம்.

மாலையில் டேப்பைப் போட்டுக் கேட்டோம். அந்தக் குரல் எங்களில் யாருடையதும் இல்லை. கடைசிப் பாட்டுக்குப் பிறகு அது சொன்னது: "போதும். நாளைக்குத் தணிகைவேல் இல்லாம வாசிங்க."

டிரம்மர் தணிகைவேல் சிரித்தான். ஆனாலும் பைக் சாவியை என்னிடம் கொடுத்தான். "இன்னாத்துக்கு வம்பு? நான் ட்ரெயின்ல பூடுறேன்."

அவன் கிளம்பிப் பத்து நிமிடம் இருக்கும். ஸ்டேஷன் பக்கம் ரயில் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.