தெரிஞ்சவங்க பை

இதில் ஒரு சொல் பொய்யென்றால் லிந்துலை மலையில் இனி ஒரு தேயிலைக் கொழுந்தும் துளிர்க்காமல் போகட்டும்.

தோட்டத்து லய வீட்டில் தனியாக இருந்த தங்கவேலுவின் பலவீனமான இதயத்துக்குப் புது மருந்தொன்றைச் சோதித்துப் பார்க்க ஊசி போட்டார்கள்.

"வெறும் மருந்தை செல்லு உள்ள விடாதுங்க ஐயா. இன்னொருத்தங்க உடம்புச் செல்லு வெளியே விடுற நுண்பையில வச்சு அனுப்புறோம். தெரிஞ்சவங்க பைன்னு நெனச்சுக் கதவைத் திறந்துடும்" என்றார் டொக்டர் சுதர்ஷினி.

"யாரு பைங்க அது?"

"ஒரு அம்மாவோடது. பேர் சொல்லக்கூடாது."

"எங்க கொழுந்துப் பையிலகூடப் பேர் எழுதியிருக்குமே டொக்டரம்மா!"

தங்கவேலு நாற்பது வருடம் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். ஒருநாளும் கொழுந்து பறித்ததில்லை. மறுநாள் காலை மலைப்பாதையில் நடக்கையில் அவருடைய இடது கை தானாக இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்து, இல்லாத கூடைக்குள் தோளுக்குப் பின்னால் போட்டது.

அங்கே பறித்துக்கொண்டிருந்த மீனம்மா, "அண்ணே, ஆம்பளைக்கு ஏது இந்தக் கை?" என்று சிரித்தாள்.

அந்தக் கை அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டது. மத்தியானம் படுத்தால் நெஞ்சைத் தட்டிக்கொடுத்தது. மனைவி போய்ச்சேர்ந்த இந்தப் பதினோரு வருடத்தில் அவரை யாரும் தட்டிக்கொடுத்ததில்லை.

அடுத்த மாதம் டொக்டர் கேட்டார்: "வித்தியாசமா ஏதும் இருக்கா? இருந்தா ஊசியை நிறுத்திடுவோம்."

தங்கவேலு இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க."

அந்தச் சோதனையில் பாதிப் பேருக்குத்தான் மருந்து. தங்கவேலு உட்பட மீதிப் பேருக்குப் போட்டது வெறும் உப்புத்தண்ணீர்.