மச்சினன் கொடுத்த பேச்சு

மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு அரைமணி நேரத்தில், சுடலைமுத்துவின் பேச்சுக்கான செல்கள் எல்லாம் செத்துப்போயின. அந்த இடத்தை நிரப்பத் தன் மூளைச் செல்களைக் கொடுத்தவன், அவர் மனைவி இசக்கியம்மாளின் தம்பி கொம்பையா.

பத்து நாள் அவர் வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை வராதா என்று இசக்கியம்மாள் அவர் உதட்டையே பார்த்துக் கிடந்தாள். பதினோராம் நாள் காலை அவர் மெல்லத் திரும்பினார்.

"எக்கா, கொஞ்சம் தண்ணி தாரியளா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டாக்டர்தான் பதறிப்போனார்.

"உங்க தம்பியோட பழக்கம் ஒட்டிக்கிச்சும்மா. இன்னொரு ஊசி போட்டா சரியாயிடும்."

"வேண்டாம் டாக்டர்," என்றாள் இசக்கியம்மாள், தம்ளரை நீட்டியபடி. "கட்டிக்கிட்ட முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் எங்கிட்ட மரியாதையா பேசுதாவ."