பெயரும் பொன்னும்

சிவகாமவல்லி வள்ளிக்கிழங்கு இலையூட்டி வீட்டில் வளர்த்த ஆமை வண்டுகள், உயிரோடிருக்கையில் உருக்கி வார்த்த பொன்னாய் ஒளிர்ந்தன; உயிர் பிரிந்ததும் பதரின் நிறத்துக்கு மங்கின. இனத்தின் பெயரறிய விழைந்து அவள் அனுப்பிவைத்த படங்களையும் உடல்களையும் பார்த்த பூச்சியியலாளர் தொலைபேசியில் அலுத்துக்கொண்டார்.

"போட்டோவ வச்சுச் சொல்ல முடியாதும்மா. நீங்க சொன்ன தங்கமும் இந்த உடம்புல இல்லையே. இன்னொண்ண உயிரோட ஸ்பிரிட்டுல போட்டு அனுப்புங்க."

உயிரோடு எஞ்சியிருந்தது ஒன்றே. ஸ்பிரிட் குப்பியைத் திறந்தவளைக் கணவர் தடுத்தார்.

"பேரு தெரியலைன்னா அது திங்காமலா இருக்கப் போகுது? விட்டுடு, வல்லி."

"இத்தனை மாசம் ஊட்டினவ, யாருக்கு ஊட்டினோம்னு தெரிஞ்சுக்க வேணாமாங்க?"

சினத்தோடு வண்டை உள்ளங்கையில் ஏந்திக் குப்பியின் வாய்மேல் கவிழ்த்தாள். அது விழவில்லை. உதறினாள். உணர்கொம்புகளை ஓட்டினுள் ஒடுக்கி, ஆறு கால்களாலும் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு, பொன்னாகவே அது தலைகீழாய்த் தொங்கிற்று.