அண்ணி வீட்டு மாடிப்படி

பைப் அறுக்கும் கிரைண்டரை நிறுத்தியபோது மாடியில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பன்னிரண்டாம் படியில் குந்தி உட்கார்ந்து, வெட்டிய பைப்பின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிசிறு இல்லை.

மாடி அறையில் இருப்பது அவள் மகள். பதினாறு வயது. கீழே சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருப்பது அண்ணி, கணவனின் அக்கா. அவள் சிறையில் இருந்த ஒன்பது வருடமும் அந்தப் பிள்ளையை வளர்த்தவள்.

வெளியே வந்து நாலு மாதம் ஆகிறது. இந்த வீட்டுக்கு மூன்று முறை வந்திருந்தாள். மூன்று முறையும் மகள் எதிரே உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பரீட்சை எழுதுவதுபோல் பதில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஒருமுறைகூட அம்மா என்று கூப்பிடவில்லை.

நாலாவது முறை வேலையாக வந்திருந்தாள்.

பட்டறைக்காரருக்கு அண்ணிதான் போன் செய்தாளாம். மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கவேண்டும், உங்களிடம் வெல்டிங் செய்யும் ஒரு பெண் இருக்கிறாளாமே, அவளைத்தான் அனுப்பவேண்டும் என்று.

பட்டறைக்காரர் அவளை வேலைக்கு எடுத்ததே ஒரு கூத்து. தொழிலை எங்கே கற்றாய் என்று கேட்டார். உள்ளே, என்றாள். உள்ளே என்றால்?

“எல்லாரும் கம்பி எண்ணிட்டிருந்தாங்க. நான் ஒட்டக் கத்துக்கிட்டேன்.”

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு இரண்டு துண்டுக் கம்பியைக் கொடுத்து ஒட்டச் சொன்னார். ஒட்டிய இடத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்த்தார். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துவிடு என்றார்.

இப்போது பட்டறையில் சிக்கலான வேலை எது வந்தாலும் முதலில் கூப்பிடுவது அவளைத்தான்.

இந்தப் படிக்கு ஒருபக்கம் சுவர், மறுபக்கம் வெறும் பள்ளம். காலையில் அளவெடுக்க ஏறியபோதுதான் சுவரைக் கவனித்தாள். கைபட்டுக் கைபட்டு அழுக்கேறிய தடம் படியோடு படியாக மேலே போயிற்று. ஒரே ஒரு தடம் அல்ல. அவள் இடுப்பு உயரத்தில் ஒன்று, அதற்குமேல் ஒன்று, தோள் உயரத்தில் ஒன்று. பள்ளத்துக்குப் பயந்து சுவரைப் பிடித்தே ஏறி இறங்கி வளர்ந்திருக்கிறது பிள்ளை.

முதல் உயரமும் கடைசி உயரமும் அவளுக்குத் தெரியும். நடுவில் இருந்ததெல்லாம் சுவருக்குத்தான் தெரியும்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டேப்பை விரித்தாள்.

கடைசி இணைப்பு மட்டும் பாக்கி இருந்தபோது, மகள் மேல்படியில் வந்து நின்றாள். தோளில் புத்தகப் பை. டியூஷனுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது.

“வரலாமா?”

“கண்ணை மூடிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கோ. வெளிச்சத்தைப் பாக்கக் கூடாது.”

ஒன்பது வருடத்துக்குப் பிறகு மகளை அதட்டிய முதல் பேச்சு அது. மகள் மறுபேச்சில்லாமல் திரும்பிக்கொண்டாள்.

அவள் முகத்துக்குமேல் ஷீல்டை இறக்கினாள். நீல வெளிச்சம் சுவரெல்லாம் துள்ளி அடங்கியது. கசடைத் தட்டி எடுத்தாள். அடியில் தையல் போட்டதுபோல் வரிவரியாக ஒட்டு விழுந்திருந்தது.

மகள் இறங்கி வந்தாள். கையை நீட்டினாள். தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

“ஆள் சாஞ்சா தாங்குமா?”

அவள் சூடு ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, கைப்பிடிமேல் குதிரை ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்தாள். வயது நாற்பத்திரண்டு. அந்தப் பக்கம் எட்டடிப் பள்ளம். உட்கார்ந்தவள் சும்மா இருக்காமல் இரண்டு தடவை எழும்பி எழும்பி உட்கார்ந்தாள்.

கம்பி அசையவில்லை.

“ஐயோ, அம்மா! போதும், இறங்கு!”

கத்திய வேகத்தில் மகள் அவள் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் சிரிப்பு வந்தது. இரண்டு பேருக்கும் வந்தது. பிடித்த கையை மகள் விடவில்லை.

அந்தச் சத்தத்துக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். போன மாதம் குடிவந்தவள். டீ டம்ளர்களோடு வெளியே வந்த அண்ணியைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மான்னு கூப்பிடுறாளே, யாருங்க இது?”

“அவ அம்மாதான். என் தம்பி பொண்டாட்டி.”

“அப்படியா! உங்க தம்பி வரலையா?”

“அவன் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு.”

“ஐயோ பாவம். எப்படி?”

மாடிப்படியில் சிரிப்பு நின்றது. மகளின் பிடி இறுகியது.

அண்ணி டம்ளர்களைக் கீழ்ப்படியில் வைத்தாள். குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

“இவ கையாலதான். அவன் சாகலேன்னா இவ செத்திருப்பா.”

அவளோடு கூடப்பிறந்தவர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்காத நீதிமன்றத்தில், சாட்சிக் கூண்டில் ஏறி நின்று, நீதிபதியிடமும் அண்ணி இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தாள்.