வெர்னாவின் கஞ்சத்தனம்

"சொல்ல முடியாது" என்றாள் வெர்னா. காபியை ஒரு வாய் குடித்தாள்.

ஆரினின் முகம் சுருங்கிவிட்டது. அவன் கேட்டது பெரிய விஷயமில்லை. அவள் தன் தோட்டாவில் எவ்வளவு வெடிமருந்து நிரப்புகிறாள் என்பதுதான். எங்கள் மொன்டானா ஊர்த் துப்பாக்கிக் கழகத்தில் எல்லோருமே வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள். கறி வறுக்கும் பக்குவம் கேட்பதுபோல இதையும் கேட்டுக்கொள்வோம்.

"உங்க துப்பாக்கியும் என் துப்பாக்கியும் ஒரே மாடல்தானே, வெர்னா?"

"மாடல்தான் ஒண்ணு. துப்பாக்கி வேற. மருந்தளவுப் புத்தகம் வாங்கு. புதுசா அச்சடிச்சதா பாத்து வாங்கு. அதுல போட்டிருக்கிற அடிமட்ட அளவுல ஆரம்பி."

போன வருஷமும் அதற்கு முந்திய வருஷமும் கழகப் போட்டியில் கோப்பை அவளுக்கு. ஆரின் இரண்டாவது. அதனால்தான் மறைக்கிறாள் என்று பேசிக்கொண்டோம்.

"கஞ்சப் பொம்பளை" என்றான் எங்களில் ஒருவனான டுவைட். "எழுதறது வலது கை, சுடறது இடது தோள். வீட்டுக்குள்ளயும் சுடறப்போ போடற அந்த மஞ்சள் கண்ணாடி. எல்லாமே ஏறுமாறு."

ஆரின் கேட்காமலே டுவைட் தன் அளவைச் சொன்னான். ஆரின் அதைத் தொடவில்லை. ரோஷம். அவள் காட்டிய வழியிலேயே போய் அவளை ஜெயிக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கார் ஷெட்டிலேயே கிடந்தான். ரேடியோ இல்லை, பீர் இல்லை. மேஜைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா. மருந்து, குண்டு எல்லாம் புத்தகத்தில் போட்டிருந்தபடியே. அடிமட்டத்தில் ஆரம்பித்து, துளித் துளியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கழகத்துக்குப் போய்ச் சுட்டு, வெளியே விழுந்த பித்தளைக் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

புத்தகம் சொல்லும் உச்ச அளவு இன்னும் எட்டவில்லை. அதற்குள் ஒருநாள், சுட்டபின் துப்பாக்கியின் பின்பக்கத்தைத் திறக்கும் போல்ட்டின் கைப்பிடி தூக்க வராமல் இறுகியது. உள்ளே அழுத்தம் மிஞ்சுகிறது, இன்னும் ஏற்றினால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும் என்று அர்த்தம். அத்தோடு நிறுத்தினான். மீதித் தோட்டாக்களைப் பிரித்துக் கொட்டிவிட்டு, அளவைக் குறைத்துக்கொண்டான்.

செப்டம்பர் போட்டியில் அவனுடைய கடைசிக் குண்டு நடுப்புள்ளியைத் துளைத்தது. கோப்பை அவனுக்கு. தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினோம். எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவள் வெர்னா.

ஆரின் கோப்பையோடு அவள் முன்னால் போய் நின்றான்.

"என் அளவைச் சொல்லட்டுமா? நான் கஞ்சன் இல்ல."

"போல்ட் எந்த அளவுல இறுகுச்சு?"

சொன்னான்.

"என் அளவு அதுக்கும் மேல" என்றாள் வெர்னா. "என் துப்பாக்கி தாங்கும். உன்னோடது தாங்காது."

டுவைட் முனகினான். "அதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, அதுல கொஞ்சம் குறைச்சுப் போட்டுப் பாத்திருப்பான். நானும் அப்படித்தான் போட்டுப் பாத்தேன். எனக்கு அளவு சொன்னவர் கேட்டவுடனே சொல்லிட்டாரு. தாராள மனசு."

மஞ்சள் கண்ணாடியைக் கழற்றினாள்.

இடது கண் ஆரினைப் பார்த்துச் சிரித்தது. வலது கண் அசையாத பளிங்கு.